செப்சிஸ் வந்தவருக்கு என்கே செல் ஏற்றலாமா?

கள்ளிக்குடியான்:
சித்தப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேல் வெட்டும்போது காலில் முள் ஏறியது அவருக்கே தெரியவில்லை. பாதம் கறுத்து, பேச்சு குழறின பிறகுதான் மதுரைக்குத் தூக்கி வந்தோம். இப்போது ஐசியூவில் இருக்கிறார், செப்சிஸ், அதாவது தொற்று முற்றி உறுப்புகள் கெடும் நிலை என்கிறார்கள். என்கே செல் (தொற்றிய செல்களைக் கொல்லும் ஒருவகை வெள்ளணு) ஏற்றினால் எதிர்ப்புச் சக்தி கூடும் என்று உறவுக்காரர் ஒருவர் வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். செலவு பரவாயில்லை, கேட்டுப் பார்க்கலாமா?

வைகைக்கரை (நோய் எதிர்ப்பியல் படித்தவன்):
வேண்டாம் தம்பி. கொரோனாவுக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தி என்றாலே ஏற்றிக்கொண்டே போகலாம் என்று நினைத்துவிட்டோம். செப்சிஸில் உறுப்புகளைக் கெடுப்பது கிருமி மட்டும் இல்லை, உடம்பு கட்டுப்பாடு இழந்து காட்டும் எதிர்ப்பும்தான். 2016இல் வந்த வரையறையே அதைத்தான் சொல்கிறது.

என்கே செல்கள் ஆரம்பத்திலேயே இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து, கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்களை உசுப்பிவிடும். அவை ஐஎல்-12 என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து திரும்ப இவற்றை உசுப்பும். சிறிய தொற்றில் இது நல்லது. அளவு மீறினால் அடுப்பில் பெட்ரோல் ஊற்றிய கதை. பெருங்குடல் தொடங்கும் இடத்தைக் கட்டி, ஊசியால் துளைத்து எலிகளுக்குச் செப்சிஸ் வரவைப்பார்கள். அப்படிப் பல சோதனைகளில், என்கே செல்களை முன்கூட்டியே நீக்கிய எலிகள்தான் அதிகம் பிழைத்தன. சில தொற்றுகளில் நேர்மாறாக, அவை இல்லாத எலிகள் செத்தன.

மனிதர்களில் இன்னொரு சிக்கல். செப்சிஸில் ரத்தத்தில் இந்தச் செல்கள் குறைந்துவிடும், மிச்சம் இருப்பவையும் சோர்ந்து இன்டர்ஃபெரான் சரியாகச் சுரக்காது. அப்போது உடம்பில் தூங்கிக்கிடந்த சைட்டோமெகலோ வைரஸ்கூட எழுந்துவிடும். சித்தப்பா எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பது தெரியாமல் எதை ஏற்றுவது? செப்சிஸுக்கு இது இன்னும் ஆராய்ச்சிதான், சிகிச்சை ஆகவில்லை.

ஐசியூ சிஸ்டர்:
அண்ணன் சொன்னது சரி. அந்தப் பணத்தைப் பத்திரமாக வையுங்கள். டாக்டரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: சீழையும் அழுகிய சதையையும் எடுத்தாயிற்றா, ரத்தத்தில் லாக்டேட் (திசுக்கள் திணறும்போது கூடும் அமிலப் பொருள்) இறங்குகிறதா, சிறுநீர் எவ்வளவு போகிறது. விரலை எடுக்க வேண்டும் என்றால் கையெழுத்துப் போடத் தயங்கி ஒரு ராத்திரியைக் கடத்தாதீர்கள்.

கள்ளிக்குடியான்:
நன்றி அக்கா. விரல் பற்றிக் காலையிலேயே கேட்டார்கள், சித்திதான் அழுதுகொண்டு இருக்கிறார். பப்பாளி இலைச் சாறாவது கொடுக்கலாமா?

ஐசியூ சிஸ்டர்:
வாய் வழியாக எதுவும் கொடுக்காதீர்கள், புரையேறிவிடும். முதலில் சித்தியிடம் பேசுங்கள்.