மதிலுக்கு அந்தப் பக்கம்தான் எல்லாம், போகத்தான் வழியில்லை: உங்கள் அனுபவங்கள்

தெருக்கோடி:
பேருந்து நிறுத்தம் எங்கள் தெருக்கோடி மதிலுக்கு நேர் பின்னால். லேஅவுட்டுக்கு ஒரே வாசல், அது எதிர்ப்பக்கம். அன்று அம்மா மதிலருகே நின்றிருந்தார். பேருந்தின் கூரை மட்டும் மதிலுக்கு மேலே வந்து நின்றது, கதவு திறக்கும் சத்தம் கேட்டது, கூரை நகர்ந்து போய்விட்டது. "இதோ நிக்குது, ஏற முடியலையே" என்றார். மூட்டுவலிக்காரர். சுற்றிப் போனால் நடைபாதையே இல்லாத நெடுஞ்சாலை ஓரம். அதற்கப்புறம் தனியாக வெளியே போவதையே விட்டுவிட்டார்.

பின்வாசல்:
எங்களுக்கும் இதே கதை. தோழி வீடும் எங்கள் வீடும் முதுகோடு முதுகு. அவள் குழந்தைக்குக் காய்ச்சல் என்றபோது மருந்தை வாளியில் வைத்துக் கயிறு கட்டி மதிலுக்கு அந்தப் பக்கம் இறக்கினேன். இந்த லேஅவுட்டை வரைந்தவர் ஒருநாளாவது இங்கே நடந்து பார்க்க வேண்டும்.

அமைதிவாசி:
எல்லாரும் மதிலையே திட்டுகிறீர்கள். நான் முட்டுச்சந்து என்பதற்காகவே இந்த வீட்டை வாங்கினேன். முன்பு நாங்கள் இருந்த தெரு இரண்டு பெரிய சாலைகளை இணைத்தது, மாலையானால் குறுக்கே புகுந்து வரும் வண்டிகள்தான். பந்தை எடுக்க ஓடிய என் மகனுக்கு ஒரு சாண் முன்னால் ஒரு கார் நின்றது. இணைப்பு வேண்டும் என்பவர்கள் இதற்கும் பதில் சொல்லுங்கள்.

வரைபடம்:
அமைதிவாசி, உங்கள் பயம் நியாயம். ஆனால் வண்டியைத் தடுப்பது வேறு, ஆளைத் தடுப்பது வேறு. அமெரிக்காவின் ராட்பர்ன் குடியிருப்பில் 1929இல் முட்டுச்சந்துகள் போட்டபோது வீடுகளின் மறுபக்கத்தில் நடைபாதைகளும் சேர்த்தே போட்டார்கள். பின்னால் வந்தவர்கள் பலர் முட்டுச்சந்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

என் கதை சின்னது. பள்ளிக்கூடம் மொட்டைமாடியிலிருந்து தெரியும், பிள்ளைகள் வேனில் போகிறார்கள்.

மனை வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து வரைபடத்தைப் பாருங்கள். சந்திப்புகளில் நாற்சந்தி எத்தனை, முட்டுச்சந்து எத்தனை என்று எண்ணுங்கள். எல்லையில் முடியும் தெரு, பக்கத்து நிலம் பிரிக்கப்படும்போது நீட்டும்படி விடப்பட்டிருக்கிறதா, அல்லது கடைசி மனையை வைத்து அடைத்துவிட்டார்களா என்று கேளுங்கள். பிறகு திருத்தலாம் என்று நினைக்காதீர்கள். 1666இல் லண்டன் எரிந்தபோதுகூடப் பெரும்பாலும் பழைய தெருக்கோட்டிலேயே திரும்பக் கட்டினார்கள். கட்டடம் மாறும், தெரு மாறுவது அபூர்வம். பேரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பலர் சேர்ந்து உருவாக்கும் இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1975 முதல் உலக அளவில் புதிய தெருக்களின் இணைப்பு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. விதி போட்டால் இந்தப் போக்கை மாற்றலாம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 2009இல், பக்கத்து இடங்களோடு இணையும்படி போட்ட புதுத் தெருக்களைத்தான் அரசுப் பராமரிப்புக்கு ஏற்போம் என்று விதி கொண்டுவந்தது.

பின்வாசல்:
வரைபடம், நாங்கள் ஏற்கெனவே வாங்கிக் குடியேறிவிட்டோம், அதற்கு வழி சொல்லுங்கள். மதிலில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கதவு போதும். எங்கள் சங்கம் சம்மதித்துவிட்டது, அந்தப் பக்கச் சங்கம் திருட்டுப் பயம் என்று மறுக்கிறது. இப்படிப் பேசிச் சம்மதிக்க வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?