"தண்ணியக் காய்ச்சச் சொல்றது யாரு, தம்பி?"

நீங்கள் எழுதியதைப் படித்த ஒருவர் கேட்ட கேள்வி, உங்கள் நடையையே மாற்றியிருக்கிறதா? என் அனுபவத்தை முதலில் சொல்கிறேன். உங்களுடையதையும் எழுதுங்கள்.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் நடந்தபோது நான் கல்லூரி முடித்திருந்த நேரம். பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகிய காலம் அது. கல் உடைக்கப் போய்வரும் பெண்களுக்கு ராத்திரி அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பாடம் நடத்துவேன். எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட்டவர்களுக்கு, அது மறந்துபோகாமல் இருக்கச் சின்னச் சின்னப் பக்கங்கள் தேவைப்பட்டன. வயிற்றுப்போக்கு பற்றி நான் ஒரு பக்கம் எழுதினேன். முதல் வரி இன்னும் நினைவிருக்கிறது: "நீரினால் பரவும் நோய்களைத் தடுக்கும் பொருட்டுக் குடிநீரைக் காய்ச்சி அருந்துதல் இன்றியமையாததாகும்."

ஐம்பது வயதிருக்கும் ஓர் அக்கா, விரலை வைத்து வைத்து அந்த ஒரு வரியைப் படித்து முடித்தார். முடித்ததும் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "தண்ணியக் காய்ச்சச் சொல்றது யாரு, தம்பி?"

'அருந்துதல்' என்றால் என்ன, 'இன்றியமையாதது' என்றால் என்ன என்று கேட்பார் என நினைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. யார் காய்ச்சுவது, யார் குடிப்பது, யார் யாரிடம் சொல்வது, எதுவுமே இல்லை. குடிக்கிற வேலையை 'அருந்துதல்' என்று பெயராக்கியபோதே குடிக்கிற ஆளை விட்டுவிட்டேன். அன்று ராத்திரியே மாற்றி எழுதினேன்: "தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, பிள்ளைகளுக்குக் கொடுங்கள்."

மறுநாள் படித்த கையோடு பதில் வந்தது. "வெறகுக்கு எங்க போறது தம்பி? சோறாக்கவே முள்ளு பொறுக்கிட்டு வர்றோம்."

பழைய வரிக்கு இப்படி ஒரு பதிலை யாரும் சொல்லியிருக்க முடியாது. புரிந்ததால்தான் மறுத்துப் பேச முடிந்தது. எளிமையாக எழுதுவதில் எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

அப்புறம் உப்பு சர்க்கரைக் கரைசல் பற்றி எழுதினேன். சுத்தமான தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. "தேக்கரண்டின்னா எது?" என்றார்கள். சரி, இதற்கு வாக்கியம் தேடிப் பயனில்லை. கடையில் ஒரு கரண்டி வாங்கிவந்து, தலைதட்டி அளந்து காட்டினேன். பக்கத்தின் ஓரத்தில் அதே அளவில் கரண்டிப் படமும் வரைந்தேன்.

தஞ்சாவூரிலிருந்து

நான் சில வருடங்கள் வானொலியின் விவசாய நிகழ்ச்சிக்கு எழுதிக் கொடுத்தவன். எங்கள் பக்கத்தில் அந்த நிகழ்ச்சிகளுக்குத் தனி மரியாதை. 1960-களில் பரவிய ஆடுதுறை 27 நெல்லை விவசாயிகள் 'ரேடியோ நெல்' என்றே சொன்னார்கள்.

என் முதல் உரையில் இப்படி ஒரு வாக்கியம்: "தொடர்ந்து பெய்யும் மழையால் வயலில் தேங்கி நிற்கும் நீரை உடனடியாக வடிக்கத் தவறும் விவசாயிகள் சந்திக்கக்கூடிய இழப்பைத் தவிர்க்க..." மூத்தவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு என்னையே வாசிக்கச் சொன்னார். பாதியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. "கடைசியில வினை வர்ற வரைக்கும் கேக்குறவர் அத்தனையையும் சுமந்துக்கிட்டு நிக்கணும்ப்பா. காதுக்குப் பக்கத்தைப் புரட்டிப் பாக்கத் தெரியாது" என்றார். உடைத்து எழுதினேன். "மழை விடவில்லை. வயலில் தண்ணீர் நிற்கிறதா? முதலில் அதை வடித்துவிடுங்கள்." இன்றைக்கும் எதை எழுதினாலும் ஒருமுறை வாய்விட்டுப் படிக்காமல் அனுப்புவதில்லை.

நாகர்கோவிலிலிருந்து

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. பேசுவது போலவே எழுத வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே ஒரு பயணக் குறிப்பு முழுவதையும் எழுதினேன். "வீட்டுக்குள்ள ஏறினதும் வெள்ளம் கேட்டேன்" என்று ஒரு வரி. கோயம்புத்தூர்த் தோழி போன் செய்து, "அங்க வெள்ளமாங்க? எல்லாரும் நல்லாருக்கீங்களா?" என்று பதறினாள். எங்களுக்குக் குடிதண்ணீரும் வெள்ளம்தான்.

அதற்காக அந்தச் சொல்லை நான் விடவில்லை. "தாகமாக இருந்தது, ஒரு செம்பு வெள்ளம் கேட்டேன்" என்று மாற்றினேன். இப்போது யாருக்கும் குழப்பமில்லை. வினைமுடிவுகளை எல்லோருக்கும் பொதுவான எழுத்து வழக்கில் வைத்துக்கொண்டேன். ஊர்ச் சொல்லை மட்டும், பக்கத்துச் சொற்கள் தாங்கிப் பிடிக்கும் இடமாகப் பார்த்து வைக்கிறேன்.

திருச்சியிலிருந்து

புதுக்கோட்டை அண்ணா, அந்த அக்கா அப்புறம் ஏதாவது எழுதினாரா?

புதுக்கோட்டையிலிருந்து

எழுதினார் தம்பி. மறுவருடம் கோடையில் ஒரு மனு. நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவரே எழுதினார்: "எங்க தெரு அடிபம்பு ஒடஞ்சு பதினோரு நாளாச்சு. நாங்க அறுவது வீடு. வெயில்ல ரெண்டு மைல் நடந்து தண்ணி எடுக்குறோம். வந்து பாருங்க." கீழே கைநாட்டு இல்லை, கையெழுத்து. நான் தேதியை மட்டும் போட்டுக் கொடுத்தேன்.