இரத்த ஸ்டெம் செல்களுக்கு மஜ்ஜையின் இணைப்புத்திசு வெறும் சட்டகம் மட்டுந்தானா?

விலங்கியல் மாணவி:
மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையில் கொடையாளரின் ஸ்டெம் செல்களைச் சிரை வழியே செலுத்துகிறார்கள்; அவை தாமாகவே எலும்பு மஜ்ஜையை அடைந்து இரத்தம் உண்டாக்குகின்றன. அங்குள்ள இணைப்புத்திசு செல்கள் அவற்றுக்கு இடம் தருவதோடு நின்றுவிடுகின்றனவா, வேறு பணியும் உண்டா? எங்கள் பாடநூல் இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறது.

குருதியியல் ஆர்வலர்:
இதற்குத் தெளிவான சான்று இரண்டு வகை எலிகளிடமிருந்து கிடைத்தது. 'டபிள்யூ' வகை எலிக்கும் 'ஸ்டீல்' வகை எலிக்கும் பிறவியிலேயே ஒரே மாதிரியான இரத்தசோகை உண்டு. இயல்பான மஜ்ஜையைச் செலுத்தினால் முன்னது குணமடைகிறது, பின்னது குணமடைவதில்லை. ஆனால் அதே ஸ்டீல் எலியின் மஜ்ஜையை எடுத்து டபிள்யூ எலிக்குச் செலுத்தினால் அது நலம் பெறுகிறது. ஆகவே ஸ்டீல் எலியின் ஸ்டெம் செல்களில் பழுதில்லை, அவை வாழும் சூழலில்தான் பழுது. ஸ்டெம் செல்லின் மேற்பரப்பிலுள்ள 'கிட்' ஏற்பி டபிள்யூ எலியிலும், அந்த ஏற்பியில் பொருந்தும் 'ஸ்டெம் செல் காரணி' என்னும் புரதம் ஸ்டீல் எலியிலும் பழுதுபட்டிருப்பது 1990 வாக்கில் தெரியவந்தது. ஸ்டீல் வகையின் ஒரு கிளையில் அந்தப் புரதம் கரைந்த வடிவில் சுரந்தும் போதவில்லை என்பதே எனக்கு மிகவும் வியப்பானது. ஸ்டெம் செல்லைத் தாங்கும் இணைப்புத்திசு செல்லின் சவ்வில் அது ஒட்டியிருக்க வேண்டும்.

ஆய்வக நண்பர்:
அந்தப் புரதத்தைத் தருபவை எவை என்பதில் நெடுநாள் குழப்பம் இருந்தது. 2003இல் எலும்பாக்கச் செல்களுக்கே முதலிடம் தரப்பட்டது. 2012இல் எலிகளின் எலும்பாக்கச் செல்களிலிருந்து ஸ்டெம் செல் காரணியின் மரபணுவை நீக்கியபோது ஸ்டெம் செல்கள் குறையவில்லை. இரத்தநாளங்களை ஒட்டிய இணைப்புத்திசு செல்களிலும் நாளங்களின் உட்சுவரிலும் நீக்கியபோது குறைந்தன. நாளத்தை ஒட்டிய அச்செல்களே சிஎக்ஸ்சிஎல்12 என்ற ஈர்ப்புப் புரதத்தையும் மிகுதியாகச் சுரக்கின்றன. செலுத்தப்பட்ட ஸ்டெம் செல்கள் மஜ்ஜையைக் கண்டடைவதும் அங்கேயே தங்குவதும் பெரிதும் இதனால்தான். 2008இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பிளெரிக்ஸாஃபோர் என்னும் மருந்து இந்தப் பிடிப்பைத் தடுத்து ஸ்டெம் செல்களை இரத்தத்துக்குள் இறக்கிவிடுவதால், கொடையாளரின் எலும்பைத் துளைக்காமலே அவற்றைச் சேகரிக்க முடிகிறது.

விலங்கியல் மாணவி:
நன்றி ஐயா. அப்படியானால் சிகிச்சைக்குப் பின் இந்தத் தாங்கு செல்களும் கொடையாளருடையவையாக மாறிவிடுமா?

குருதியியல் ஆர்வலர்:
இல்லை, அவை பெரும்பாலும் நோயாளியுடையவையாகவே நீடிக்கின்றன. அதனால்தான் மஜ்ஜை நார்த்தன்மை அடைந்த நோயாளிகளிடம், கொடையாளரின் செல்கள் நலமாக இருந்தாலும், அவை வேரூன்றக் கூடுதல் நாட்கள் ஆகின்றன.