ஓ-ரிங்கைச் சொன்னது மனசாட்சியா, துரோகமா? (‘ஃபார் ஆல் மேன்கைண்ட்’ மார்கோ)

மணிக்கூண்டு:
நேற்று நிலாச்சோறு அம்மணி ஒரு முத்து உதிர்த்திருக்கிறார்: “அந்தத் தொடரிலேயே மனசாட்சி உள்ள ஒரே ஆள் மார்கோதான்.” அதற்கு லைக் வேறு குவிகிறது. ‘ஃபார் ஆல் மேன்கைண்ட்’ தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன், இது கற்பனை வரலாறு. 1969 ஜூனில் ரஷ்யாவின் லியோனவ் முதலில் நிலாவில் இறங்கிவிடுகிறார், அதனால் விண்வெளிப் போட்டி ஓயாமல் நடக்கிறது, இதுதான் கதை. இரண்டாம் சீசனில், 1983ல், நாசாவில் பெரிய பொறுப்பில் இருக்கிற மார்கோ, சோவியத் பொறியாளர் செர்கேயிடம், ஷட்டில் விண்கலத்தைத் தூக்கும் பக்கவாட்டு ராக்கெட்டான பூஸ்டரின் இணைப்பை அடைக்கிற ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், குளிரில் தாங்காது என்று போட்டுக்கொடுக்கிறாள். பனிப்போர் உச்சத்தில், எதிராளியிடம்! இதுவா மனசாட்சி? ஸ்பாய்லர் உண்டு, அப்புறம் அழாதீர்கள்.

நிலாச்சோறு:
எனக்காகத் தனி இழையே திறந்தாச்சா, சந்தோஷம். நான் எழுதியதில் பாதியை மட்டும் வசதியாக விழுங்கிவிட்டீர்கள். அந்த சோவியத் ஷட்டிலில் மனிதர்கள் ஏறி உட்காரப் போகிறார்கள். வெடிக்கலாம் என்று தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?

மணிக்கூண்டு:
யாரிடம் அனுமதி வாங்கினாள்? ஒருவரிடமும் இல்லை. ஓ-ரிங் அவள் அப்பா வீட்டுச் சொத்தா?

பாய்லர் பாலு:
தம்பி, ஓ-ரிங்கைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பாய்லர் வேலை பார்த்தவன். வளையம் அதன் பள்ளத்தில் நசுங்கி உட்கார்ந்திருக்கும். அழுத்தம் ஏறி இணைப்பு லேசாக விலகும்போது, சட்டென்று விரிந்து அந்த இடைவெளியை அடைக்க வேண்டும். குளிரில் ரப்பர் விறைத்துவிட்டால் நசுங்கினது நசுங்கினபடியே கிடக்கும். மயிரிழை சந்து போதும், சூட்டு வாயு அரித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

இது கதையில்லை. 1986 ஜனவரி 28, நாசாவின் சேலஞ்சர் ஷட்டில். ஏவும் நேரத்தில் சுமார் 2 டிகிரி. முந்தின ராத்திரியே பூஸ்டர் கம்பெனிப் பொறியாளர் ரோஜர் பாய்ஸ்ஜோலி வேண்டாம் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டார். பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியை மாட்டு என்று அங்கே ஒரு பெரிய தலை இன்னொருவரிடம் சொன்னது. மறுநாள் ஏழு பேர் போனார்கள். அப்புறம் விசாரணையில் இயற்பியல் மேதை ஃபெயின்மன் ஒரு ரப்பர் துண்டைப் பனிக்கட்டித் தண்ணீரில் முக்கிக் காட்ட வேண்டியிருந்தது. மார்கோ தன் பொறியாளர் தொப்பியைக் கழற்றவில்லை, அவ்வளவுதான்.

மணிக்கூண்டு:
பாடத்துக்கு நன்றி சார். பாய்ஸ்ஜோலி தன் கம்பெனியில் சொன்னார், நாசாவிடம் சொன்னார். மாஸ்கோவிடம் சொல்லவில்லை. மார்கோ ஓ-ரிங்கை மாஸ்கோவிடம் சொன்னாள். இந்த வித்தியாசம்கூடத் தெரியவில்லையென்றால் பாய்லருக்கே திரும்பிப் போகலாம்.

பாய்லர் பாலு:
பாய்லரைக் கிண்டல் பண்ணாதீர்கள். உங்கள் சட்டைக்கு நூல் சாயம் ஏறுவதே அதனால்தான்.

தூசிப்படலம்:
சண்டைக்கு நடுவே ஒரு சின்ன விஷயம். சேலஞ்சருடையது திட எரிபொருள் பூஸ்டர். நிஜத்தில் சோவியத் கட்டிய ஷட்டிலான புரானுக்கு அப்படிப்பட்ட பூஸ்டரே கிடையாது. அதைத் தூக்கிய எனெர்ஜியா ராக்கெட்டின் பக்கத்தில் இருந்த நான்கு பூஸ்டருமே மண்ணெண்ணெய், திரவ ஆக்சிஜனில் ஓடியவை. புரான் 1988 நவம்பர் 15 அன்று ஆளில்லாமல் ஒரே தடவை பறந்தது, கதை முடிந்தது. சேலஞ்சரைக் கவிழ்த்த மாதிரி இணைப்பே அதில் இல்லை.

மணிக்கூண்டு:
கேட்டுக்கொள்ளுங்கள் மக்களே! இல்லாத ஓ-ரிங்குக்காக நாட்டையே விற்றிருக்கிறாள்!!

தூசிப்படலம்:
நான் அதைச் சொல்லவே இல்லை. தொடரில் சோவியத் அமெரிக்க ஷட்டிலை அச்சு அசலாக நகலெடுத்ததாக வருகிறது. என் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள். கிரிக்கெட் இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

பாய்லர் பாலு:
காப்பி அடித்தால் தப்பும் சேர்ந்துதானே வரும்.

சும்மா ஒருத்தன்:
தொடரில் வரும் விண்வெளி வீராங்கனை டேனியல் பூலை ஏன் யாரும் பேசுவதில்லை? நிலா முகாமில் கூட இருந்த வீரன் கோர்டோவுக்குப் புத்தி பேதலித்துப் போகிறது, எறும்பு ஊர்வதாகத் தெரிகிறது. அவன் மானத்தைக் காப்பாற்றி ஊருக்குக் கொண்டுவர, இவள் தன் கையைத் தானே உடைத்துக்கொள்கிறாள். விபத்து என்று எல்லோரையும் நம்பவைத்து, கெட்ட பெயரையும் அவளே சுமக்கிறாள். அதுவும் நாசாவை ஏமாற்றியதுதானே?

மணிக்கூண்டு:
அவள் கை, அவள் உடைத்தாள். ஓ-ரிங் நாசாவோடது.

நிலாச்சோறு:
அடேங்கப்பா, என்ன வாதம்! சரி, நாசாவின் புனிதத்தையும் பேசுவோமா? தொடரில் மார்கோவுக்கு ராக்கெட் சொல்லிக்கொடுத்தவர் ஜெர்மன் ராக்கெட் நிபுணர் வான் பிரவுன். நாஜிகளின் மிட்டல்பாவ்-டோரா வதைமுகாமில் கைதிகளை அடிமைகளாக வைத்து வி-2 ஏவுகணை செய்த கூட்டத்தில் இருந்தவர். அவரைக் கூட்டிவந்து நிலாவுக்குப் போகிற சாட்டர்ன்-5 ராக்கெட்டைக் கட்டவைத்தது யார்? அங்கே மணி அடிக்காத கூண்டு ஓ-ரிங்குக்கு மட்டும் அடிக்கிறது.

இன்னொன்று. அவள் வாழ்க்கையைப் பாருங்கள். ஆபீஸிலேயே படுக்கை, குடும்பம் கிடையாது, எப்போதாவது பியானோ. அவள் பாஷையில் பேச ஆள் என்று வந்தவன் செர்கே ஒருத்தன்தான். எழுதியவர்கள் அதை எவ்வளவு பொறுமையாகக் கட்டினார்கள் தெரியுமா?

மணிக்கூண்டு:
தனிமை என்றால் நாய் வளர்க்கலாம். வான் பிரவுனை நான் எங்கே ஆதரித்தேன்? பேச்சை மாற்றாதீர்கள். ஓ-ரிங்குக்குப் பதில் சொல்லுங்கள். அடுத்த சீசனில் என்ன ஆச்சு? செர்கேயின் உயிரைக் காட்டி மிரட்டுகிறார்கள், செவ்வாய்க்குப் போகிற அணு எஞ்சினின் வடிவமைப்பையே தூக்கிக் கொடுக்கிறாள். கடைசியில் 2003ல் மாஸ்கோவில் ஒளிந்து வாழ்கிறாள். இத்தனைக்கும் கதவைத் திறந்துவிட்டது எது? ஓ-ரிங்!

பாய்லர் பாலு:
எஞ்சின் வேறு, ஓ-ரிங் வேறு. ஒன்று உயிர் காக்க, இன்னொன்று மிரட்டலுக்குப் பயந்து. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவது உங்கள் சாமர்த்தியம்.

நிலாச்சோறு:
மிரட்டலுக்குப் பயந்து என்று நீங்களும் சொல்லாதீர்கள் பாலு சார். செர்கே சாகக் கூடாது என்றுதான் கொடுத்தாள். அதுவும் உயிர்தான்.

பாய்லர் பாலு:
இல்லை அம்மா, அங்கே நான் உங்கள் கட்சி இல்லை.

மணிக்கூண்டு:
ஹா ஹா. அவர்கள் கூடாரத்திலேயே அடிதடி.

சும்மா ஒருத்தன்:
விண்வெளி வீரர் எட்டின் மனைவி கேரன், கோர்டோவின் மகன் டேனி, இவர்கள் கள்ள உறவு விவகாரத்துக்குத் தனி இழை இருக்கிறதா? அதுதான் உண்மையான துரோகம்.

நிலாச்சோறு:
மணிக்கூண்டு சார், எட் பால்ட்வின் நிலா முகாமில் ஒரு ரஷ்யரைக் கட்டிப்போட்டு வைத்தபோது “மனுஷன் என்ன மாதிரி நடிச்சிருக்கான்” என்று உருகி எழுதியது நீங்கள்தானே? ஆண் செய்தால் மன அழுத்தம், பெண் செய்தால் துரோகம்.

மணிக்கூண்டு:
பெண்ணியத்தை இழுத்தாச்சா, எங்கே காணோமே என்று பார்த்தேன். எட் ஓ-ரிங்கைக் கொடுத்தாரா? இல்லை. முடிந்தது.

தூசிப்படலம்:
கிரிக்கெட் இழையில் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மணிக்கூண்டு:
அங்கேயும் நான் சொன்னதுதான் சரி. இங்கேயும் ஓ-ரிங் ஓ-ரிங்தான்.

பாய்லர் பாலு:
முதலில் ஒன்றை வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள் தம்பி. அப்புறம் பேசலாம்.

சும்மா ஒருத்தன்:
கேரன் இழை?