புதுப்பிப்பு: அப்புத்தளைப் பக்கம் அமைதியான சைக்கிள் பாதை

இலங்கை மலையகத்தில் பஸ், லொறி உரசாமல் சைக்கிள் ஓட எந்தப் பாதை நல்லது என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்ன அப்புத்தளை–தம்பேதன்ன பாதையில் போய் வந்தாச்சு.

ஏ16 பிரதான வீதியை விட்டு விலகியதுமே இரைச்சல் அடங்கிவிடுகிறது. தேயிலை வியாபாரி தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலையோடு பஸ் நின்றுவிடும். அதற்கு மேலே லிப்டன் சீட் என்ற காட்சிமுனை வரை சுமார் 7 கிலோமீட்டர், ஒடுங்கிய தோட்டப் பாதை. சின்ன கியர் இல்லையென்றால் தள்ளத்தான் வேண்டும். விடியற்காலையில் சுற்றுலாக்காரரை ஏற்றிய ஓட்டோக்கள் வரிசைகட்டும், பிந்தினால் பனிமூட்டம். நான் நடுவில் புகுந்தேன். கொழுந்துக்குப் போகும் அக்காமார் மட்டும்தான் பாதையில்.

"தம்பி, எறக்கத்துல பிரேக்கை விட்டு விட்டுப் புடிங்க" என்றார் அவர்களில் ஒருவர். சரியான புத்தி, தொடர்ந்து பிடித்தால் ரிம் சூடேறும்.

அடுத்தது ஓகியா. அங்கிருந்து ஹோட்டன் சமவெளி ஏற்றத்தை ஓடியவர்கள் சொல்லுங்கள்.