மறு: அடொல் – பவளத்தீவா, பார்வளையமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஆங்கிலத்தில் atoll (அடொல்) எனப்படும் கடல் நிலவடிவத்துக்குத் தமிழில் என்ன கலைச்சொல் வைப்பது என்ற கேள்விக்கு என் மறுமொழி இது.

> பவளத்தீவு என்றே எழுதிவிடலாமே. பலருக்கும் பழகிய சொல்தானே?

பழகிய சொல்தான் ஐயா. ஆனால் அதை வைத்து மாலத்தீவைப் பற்றி இரண்டு வரி எழுதிப் பாருங்கள். அந்நாட்டில் இயற்கையான அடொல்கள் 26. தீவுகளோ ஏறத்தாழ 1,190. எல்லாத் தீவுகளும் பவள மணலால் ஆனவை. அப்படியானால் அங்குள்ள பவளத்தீவுகள் எத்தனை? அடொல் என்பது தீவே அன்று. நீர்மட்டத்தை ஒட்டி வளையமாக ஓடும் பவளப்பாறை விளிம்பும், அது சூழ்ந்த களப்பும் (உள்ளே அடைபட்ட கடல்நீர்ப் பரப்பு) சேர்ந்ததே அடொல். அந்த விளிம்பின் மேல் ஆங்காங்கே அலை ஒதுக்கிய மணல்மேடுகள்தாம் தீவுகள். வட மாலே அடொலின் தென்முனையில் இருக்கும் தலைநகர் மாலேயும் அவற்றுள் ஒன்று. முழுமைக்குப் பகுதியின் பெயரைக் கொடுத்துவிட்டால் பகுதிக்கு என்ன பெயர் வைப்பது?

என் முன்மொழிவு: பார்வளையம்.

பார் நம் கடற்கரையில் புழங்கும் சொல். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கடலடிப் பாறைத் திட்டுகளைப் பார் என்றார்கள். தூத்துக்குடிக்கு அப்பால் உள்ள தொலயிரம் பார் அவற்றில் ஒன்று. மாலத்தீவின் திவெயி மொழியிலும் பவளப்பாறைத் திட்டுக்கு ஃபரு என்று பெயர். அம்மொழியின் பழைய பகரம் ஃபகரமாக மாறியது தெரிந்ததே. ஆனால் ஒலியொற்றுமையைக் காட்டி உறவு கொண்டாட நான் வரவில்லை. சொல் வரிசைதான் எனக்கு முக்கியம்.

அடொல் எப்படி உருவாகிறது என்று 1842இல் டார்வின் வெளியிட்ட விளக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எரிமலைத் தீவின் கரையை ஒட்டிப் பவளம் வளர்கிறது. தீவு மெல்ல அமிழ அமிழப் பவளம் வெளிச்சத்தை நோக்கி மேலே வளர்கிறது. இடையில் கடல் புகுகிறது. மலை முழுதும் மறைந்த பின் வளையம் மட்டும் எஞ்சுகிறது. கரையை ஒட்டியதைக் கரைப்பார், இடையில் கடல் புகுந்ததை அரண்பார், எஞ்சிய வளையத்தைப் பார்வளையம் என்று எழுதினால் மூன்றும் ஒன்றன் பருவங்களே என்பது மாணவருக்குச் சொல்லிலேயே விளங்கும். பவளத்தீவு அந்த வரிசையில் ஒட்டாது.

1952இல் பசிபிக்கின் எனிவெட்டாக் அடொலில் துளையிட்டபோது 1,200 மீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. டார்வின் சொன்னதற்கு அது வலுவான சான்று. மாலத்தீவின் அடித்தளமும் எரிமலைப் பாறையே. தக்காணத்தில் எரிமலைக் குழம்பைக் கொட்டிய அதே ரீயூனியன் வெப்பப்புள்ளி (புவியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழுந்து எரிமலையாகும் இடம்) விட்டுச்சென்ற தடம் அது. ஆனால் களப்பின் குழிவுக்கு அமிழ்வு மட்டுமே காரணம் என்று எல்லோரும் ஏற்பதில்லை. பனியூழிகளில் கடல்மட்டம் 120 மீட்டர் வரை இறங்கியபோது, வெளிப்பட்ட சுண்ணாம்புப் பாறையை மழைநீர் கரைத்துக் குழித்தது என்பாரும் உண்டு. ஆகவே கலைச்சொல் வடிவத்தை மட்டும் சொன்னால் போதும். தோற்றக் கதையை அதற்குள் திணிக்க வேண்டாம்.

> வளையப்பார் அல்லது வட்டப்பார்?

முதற்சொல் வரி மடங்கும் இடத்தில் உடைந்தால் 'வளையப் பார்' என்று யோகாசன வகுப்பாகிவிடும்! இரண்டாவது உண்மைக்குப் பொருந்தாது. மாலத்தீவின் அரி அடொல் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது.

> ஃபாரோவுக்கு?

சிறுபார்வளையம். பெரிய வளையத்தின் விளிம்பிலும் களப்புக்குள்ளும் காணும் குட்டி வளையங்கள் இவை. களப்புக்குப் புதுச்சொல் தேவையில்லை. மட்டக்களப்பைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். காயல் வேண்டாம், ஆற்று நீர் நினைவுக்கு வந்துவிடும்.

ஒன்றே ஒன்றில் நான் விட்டுக்கொடுக்கிறேன். மாலத்தீவில் நிர்வாகப் பிரிவுக்கும் அடொல் என்றே பெயர். காஃபு என்ற ஒரு பிரிவுக்குள் வட மாலே, தென் மாலே முதலிய பல வளையங்கள் அடங்கும். தெற்கே ஃபுவாமுலாவும் நிர்வாகக் கணக்கில் அடொல்தான்; ஆனால் அங்கே வளையமும் இல்லை, களப்பும் இல்லை. இரண்டு நன்னீர் ஏரிகளோடு நிற்கும் ஒற்றைத் தீவு அது. எனவே நிர்வாகப் பெயர்களில் அடொல் அப்படியே இருக்கட்டும். நிலவடிவத்தைக் குறிக்கும் இடங்களில் பார்வளையம் என்று எழுதுவோம்.

அன்புடன்.