மடல் பொருள்: இன்சுலின் எதிர்ப்பா, மரப்பா? (வெள்ளிக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களே, நாட்பட்ட ஹெபடைடிஸ் சி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய்) உள்ளவர்களுக்கான கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. 'இந்த வைரஸால் இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் வந்து, அது சர்க்கரை நோயில் கொண்டுவிடலாம்' என்ற வரியில் நிற்கிறேன். 'இன்சுலின் எதிர்ப்பு' என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த ஒருவர், "அப்போ நான் இன்சுலின் போட்டுக்கக் கூடாதா?" என்றார்.

தமிழாசிரியர்:
'எதிர்ப்பு' நோயெதிர்ப்போடு போய் ஒட்டிக்கொள்கிறது. 'ஏல்' நல்ல வேர். 'இன்சுலின் ஏற்பின்மை' எனலாமே.

மருத்துவர்:
மன்னிக்கணும் ஐயா. 'ஏற்பி' என்பதை ரிசெப்டருக்கு, அதாவது செல்லில் இன்சுலின் வந்து அமரும் புரதத்துக்கு, கொடுத்தாயிற்று. இங்கே ஏற்பி இருக்கிறது, இன்சுலினும் வந்து அதில் அமர்கிறது. அதற்கப்புறம் செல்லுக்குள் செய்தியைக் கடத்தும் ஐஆர்எஸ்-1 புரதத்தைத்தான் வைரஸ் சிதையவைக்கிறது. கதவு தட்டுவது கேட்கிறது, எழுந்து வர ஆளில்லை. 'போதும், நிறுத்து' என்று இன்சுலின் சொன்னாலும் கல்லீரல் குளுக்கோஸை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கணையமோ மேலும் மேலும் சுரக்கும்.

தமிழாசிரியர்:
அப்படியானால் 'மரப்பு'. பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு மரத்துப்போகிறதே, அதே. மரத்தலும் மரமும் ஒரே அடி என்பது என் துணிபு. மரவட்டையையும் இதில் சேர்க்க ஆசை, அது தனி மடலில்.

மெய்ப்பு பார்ப்பவர்:
ஒரு 'ப்' விழுந்தால் 'இன்சுலின் மரபு'. பரம்பரை வியாதி என்று படிப்பார்கள். அப்புறம், நாட்பட்டவா நாள்பட்டவா?

தமிழாசிரியர்:
முள்+செடி முட்செடி என்றால், நாள்+பட்ட என்னவாம்?

மெய்ப்பு பார்ப்பவர்:
நாட்டுப் பட்டாணி மாதிரி இருக்கிறது, ஐயா.

மருத்துவர்:
எனக்கு மரப்பு பிடித்திருக்கிறது. மரத்தது தெளியும் அல்லவா? 12 வாரம் மாத்திரை சாப்பிட்டு வைரஸ் போனபின் பலருக்குச் சர்க்கரை இறங்குகிறது. பழைய அளவிலேயே சர்க்கரை மருந்தைத் தொடர்ந்தால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழலாம். சொல் எதுவானாலும் இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
வியாழன் இரவு மணி 11. எதிர்ப்புக்கு ஐந்து பேர், மரப்புக்கு இரண்டு பேர். நாளிதழ்களில் பழகிய சொல் என்பதுதான் ஐவரும் சொன்ன காரணம். 'இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் இருந்தும் உடல் அதன் பேச்சைக் கேட்காத நிலை' என்று அனுப்புகிறேன். 'இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள், அளவு மாற்ற மருத்துவரைக் கேளுங்கள்' என்பது கட்டம் கட்டி வருகிறது.

தமிழாசிரியர்:
சரி அம்மா. மறுபதிப்பில் மரப்பைப் பார்ப்போம். 'நாட்பட்ட'வையாவது காப்பாற்றுங்கள்.